பத்திரமாகக் கம்பி அறுத்தவன்

அத்தியாயம் 5

எதையுமே எடுக்காமல் போன திருடன் ஒருவனைப் பிடித்துவிட்டதில் சப்-இன்ஸ்பெக்டர் அருள்குமாருக்கு அளவில்லாத பெருமை. எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவனைக்கூட இந்த வருடம் பிடிக்க முடியாததால், அந்தப் பெருமைக்குக் கனம் கொஞ்சம் கூடியிருந்தது.

"மோடஸ் ஆபரெண்டி," என்றார், மேஜையைத் தட்டி. "குற்றம் பண்ற பாணி. அதை வெச்சுத்தான் ஆளைப் பிடிச்சேன்."

"மிஷின்ல அவரு பேரும் போன் நம்பரும் எழுதியிருந்துச்சுன்னு சொன்னாங்களேங்க?" என்றாள் இந்துமதி.

"அதுவும் ஒரு காரணம்."

மிஷின் மேஜை மேலேயே கிடந்தது. மூக்கு நீண்ட துப்பாக்கி மாதிரி இருந்தது. மூக்கின் நுனியில் ஒல்லியான பிளேடு. ஒயர் கிடையாது, பிடியின் அடியில் பேட்டரி. விசையை அழுத்தினால் பிளேடு முன்னும் பின்னுமாகப் பாய்ந்து இரும்புக் கம்பியை முருங்கைக்காய் மாதிரி நறுக்கிவிடும். கிரில் பட்டறைக்காரர்கள் பேட்டரி ரம்பம் என்பார்கள். அதன் வயிற்றில் கறுப்பு மார்க்கரால் ‘தங்கதுரை கிரில் ஒர்க்ஸ்’ என்று கொட்டை எழுத்தில், கீழே போன் நம்பரோடு எழுதியிருந்தது. திருடப் போகிறவன் விசிட்டிங் கார்டு விட்டுவிட்டுப் போவது திருப்பூரில் இதுதான் முதல் முறை.

கதிர்வேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘கதிர்வேல் இன்டர்நேஷனல் டிடெக்டிவ் ஏஜென்சி’யின் உரிமையாளர் அவர். அந்த இன்டர்நேஷனலுக்குத் தெற்கு எல்லை உடுமலைப்பேட்டை, கிழக்கு எல்லை வெள்ளகோவில். முக்கால்வாசி வேலை மாப்பிள்ளை விசாரணை. ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் ஊரிலுள்ள மாப்பிள்ளைகளை எல்லாம் விசாரித்தவரைப் பற்றி விசாரிக்க ஒருத்தரும் வந்ததில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது டி.வி.யை அணைக்க மாட்டார். திரும்பிப் போகும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பது கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்த விஷயம் அவருடைய ஒரே உதவியாளரான இந்துமதிக்கு மட்டும் தெரியும். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஒரு டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்து எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் புரட்டுவாள்.

வழக்கு இதுதான். அனுப்பர்பாளையத்தில் தனியாக வசிக்கும் தீனதயாளன் என்ற பெரியவரின் வீட்டில், நேற்று மதியம், பின்பக்க ஜன்னல் கிரில்லை யாரோ அறுத்துவிட்டார்கள். பொருள் எதுவும் போகவில்லை. ரம்பம் ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திப் புதரில் கிடைத்தது. தங்கதுரை இப்போது ஸ்டேஷனில், பின்பக்க பெஞ்சில் இருந்தான்.

"சாயங்காலம் கோர்ட்டுல நிறுத்திடுவேன். உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் அருள்குமார்.

"பெரியவரோட பையன் கனடாவுல இருந்து எங்களை வெச்சிருக்காருங்க. வீடு பாதுகாப்பா இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் வேணுமாம். அப்பாவைக் கோயமுத்தூர்ல ஒரு சீனியர் லிவிங்ல, அதான் முதியோர் குடியிருப்புல, சேத்தறதுக்கு. அஞ்சு நிமிஷம் இவர்கிட்டப் பேசிக்கறேனுங்க," என்றார் கதிர்வேல்.

தங்கதுரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சிலும் காலை அகட்டி, பட்டறையில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்திருந்தான். ஆனால் கண்கள் வாசல் பக்கமே இருந்தன. அங்கே அவன் மனைவி ஜெயசுதா, டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு நேற்று இரவிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கேரியர் திறக்கப்படவில்லை.

"போன வாரத்துல இருந்தே அந்த மிஷினக் காணோம் அண்ணாச்சி. நானும் போற எடமெல்லாம் தேடிட்டேன்."

"கடைசியா எங்கே வேலை செஞ்சீங்க?" என்றார் கதிர்வேல்.

"அந்தப் பெரியவர் வீட்டுலதான். பழைய கம்பிய அறுத்துட்டுப் புதுசா கிரில் அடிச்சேன். மவன் போன்லயே ஆர்டர். எல்லா ஜன்னலுக்கும் அடிச்சாச்சு, அந்தப் பின்ஜன்னல் ஒண்ணுதான் பாக்கி. ஆனா அந்த மனுசன் இருக்காரே..." தங்கதுரை தலையில் கை வைத்தான். "செருப்போட நிக்கேன்னு ஒரு லெக்சர். கண்ணாடி போடலன்னு ஒரு லெக்சர். கம்பிக்குப் பின்னால ஒயர் ஓடுதான்னு பாத்தியான்னு இன்னொண்ணு. நான் வேலைக்குப் போனனா, பள்ளிக்கூடத்துக்குப் போனனான்னே தெரியல."

"அவரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனில பாதுகாப்பு விதியெல்லாம் பாக்கற கம்ப்ளையன்ஸ் மேனேஜரா இருந்தவருங்க," என்றாள் இந்துமதி. "பேசாம இருக்கறதுக்கு அந்த வேலைல சம்பளம் இல்லீங்க."

"கேளுங்க, அதுக்கப்புறந்தான் அதிசயம். திடீர்னு லெக்சர நிறுத்திட்டுக் கேள்வியாக் கேக்க ஆரம்பிச்சாரு. எப்படிப் பிடிக்கணும்னாரு. ரெண்டு கையாலயும் பிடிச்சு, மொகப்புல இருக்க இந்தத் தகடு கம்பியில நல்லா அழுந்தி நிக்கணும், இல்லன்னா எகிறி அடிச்சுரும்னேன். எந்தப் பிளேடுன்னாரு. பெரிய பல்லு மரத்துக்கு, பொடிப்பல்லு இரும்புக்குன்னேன். அறுந்த துண்டு தொங்குமேன்னாரு. மொதல்லயே கட்டி வச்சுக்கிடணும், இல்லன்னா கால்ல விழும்னேன். பிளேடு மாத்தணும்னா மொதல்லன்னு ஆரம்பிச்சேன், முடிக்க விடலியே. ‘மொதல்ல மெயின் ஆஃப்’ங்காரு. இல்ல பெரியவரே, இதுலன்னேன். ‘மெயின் ஆஃப்’னு கத்துதாரு. சரி, உம்ம இஷ்டம்னு விட்டுட்டேன்."

இந்துமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கெல்லாம் அந்தப் பாடந்தானுங்க. ஊசியைத் தொடறதுக்கு முன்னால சுவிட்ச் ஆஃப். தையல் லைன்ல பத்து வருஷம் உக்காந்தா, தலைக்கு ஊக்கு குத்தறப்பக்கூட கை சுவிட்சைத் தேடும்."

கதிர்வேல் சிரிக்கவில்லை. லெக்சர் கொடுத்தே பழகிய ஒரு மனிதர் கேள்வி கேட்டார் என்பது அவருக்கு எங்கோ உறுத்தியது. வெளியே வரும்போது ஜெயசுதா எழுந்து நின்றாள்.

"விட்டுருவாங்களா சார்?"

தெரியாது என்று சொல்லும் தைரியம் கதிர்வேலுக்கு இல்லை. "சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குதுங்கம்மா," என்றார். அதைவிட மோசமான ஆறுதலை அவர் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

* * *

தீனதயாளன் வீட்டுக் கதவு கனடாவிலிருந்து திறந்தது.

கைப்பிடிக்கு மேலே ஒரு பச்சை விளக்கு மினுக்கி, ‘க்ளிக்’ என்றது. கதிர்வேலின் போன் திரையில், பெரியவரின் மகன் நிதிஷ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு புன்னகை செய்தான். அங்கே இன்னும் விடியவில்லை.

"ஸ்மார்ட் லாக், சார். வேலைக்கு வர்ற அக்காவுக்கு ஒரு நம்பர், எனக்கு ஒரு ஆப். உள்ளேயிருந்து திறக்க முடியாது. போன வருஷம் அப்பா ரோட்ல விழுந்துட்டாரு. அதுக்கப்புறம் ஜீரோ ரிஸ்க் பாலிசி. உலகத்துல எந்த மூலைல இருந்தாலும் அப்பாவை நான் மானிட்டர் பண்ணலாம்."

"பேசவும் முடியுங்களா, மானிட்டர் மட்டுந்தானுங்களா?" என்றாள் இந்துமதி.

"சண்டே பேசுவேன்," என்றான் நிதிஷ், குத்தல் உறைக்காமல். "வாசல் கேமரா ஃபுட்டேஜ் அனுப்பியிருக்கேன். மத்தியானம் திருடன் மெயினை ஆஃப் பண்ணியிருக்கான். கேமரா டெட். எல்லாத்தையும் சேத்து ஒரு ஸ்ட்ராங்கான ரிப்போர்ட் குடுங்க. எனக்கு க்ளோஷர் வேணும்." திரை அணைந்தது.

கதிர்வேல் வாசலிலேயே நின்று அந்தப் படத்தைப் பார்த்தார். வேலைக்கார அம்மா படியிறங்குகிறாள். முன்கேட்டைத் தாண்டுகிறாள். திரும்பி நின்று தாழ்ப்பாளைத் தூக்குகிறாள். தாழ்ப்பாள் விழுவதற்குள் படம் கறுத்துப்போனது. இரண்டாம் முறையும் பார்த்தார். மூன்றாம் முறை இந்துமதியிடம் காட்டினார்.

"பாவம், அந்தக்கா தாழ்ப்பாள் போட்டாங்களா இல்லையான்னே தெரியலைங்க சார்," என்றாள் அவள்.

உள்ளே ஹாலில் ஒரு கல்யாணம் நடத்தலாம். சோபாவின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. நான்கு பக்கமும் ஜன்னல், நான்கு ஜன்னலுக்கும் கிரில். சுவரில் மருதமலை முருகன் காலண்டர், அதைச் சுற்றிலும் சட்டம் போட்ட பாதுகாப்பு விருதுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்காரன் தீனதயாளனின் கையைக் குலுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

தீனதயாளன் இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை ஆட்காட்டி விரலில் பெரிய கட்டு.

"சாக்ஸோட டைல்ஸ் மேல நடக்காதீங்க," என்பதுதான் அவர் சொன்ன வணக்கம். "ஸ்லிப், ட்ரிப், ஃபால். தொழிற்சாலை விபத்துல முக்கால்வாசி இதுதானுங்க."

"நாங்க வீட்டுலதானுங்க விழப்போறோம்," என்றாள் இந்துமதி. "கையில என்னாச்சுங்க ஐயா?"

"கொய்யாக்காய் நறுக்கினேன். கத்தி பட்டுருச்சு."

"டீ போடட்டுங்களா?"

பெரியவர் அவளை ஒரு கணம் வினோதமாகப் பார்த்தார். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்க வேண்டும். பிறகு, கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுவது போலத் தலையசைத்தார்.

அவள் சமையலறைக்குப் போனாள். கதிர்வேல் நேற்று நடந்ததைக் கேட்டார். மாத்திரை போட்டதில் நல்ல தூக்கம், சத்தம் எதுவும் கேட்கவில்லை, சாயங்காலம் வேலைக்கார அம்மா கத்தியபோதுதான் தெரியும் என்றார் தீனதயாளன். வாக்கியங்கள் மனப்பாடம் செய்த மாதிரி வரிசையாக வந்தன. சொல்லும்போது அவர் எதிரே இருந்த விருதுகளைப் பார்த்தாரே தவிர கதிர்வேலைப் பார்க்கவில்லை.

"மெயின் சுவிட்ச் எங்கேங்க?"

"மாடிப்படிக்கு அடியில. எல்லா வீட்டுலயும் சுலபமா எட்டற எடத்துல இருக்கணும், லேபிளோட." எழுந்து போய்க் காட்டினார். லேபிளோடுதான் இருந்தது.

இந்துமதி வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"டீ இல்லீங்க சார். அடுப்புல திருகியே இல்ல, கழட்டி எடுத்துட்டாங்க. சோறெல்லாம் பாத்திரத்துல வந்து எறங்கும்போல." குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணுங்க. கொய்யாக்காய் இருக்கு. கத்திதான் இல்ல. அந்த சமையக்கட்டுல ஒரு ஊசிகூட இல்லீங்க."

* * *

பின்பக்க அறையில் திரைச்சீலை காற்றில் ஆடியது. அந்த வீட்டில் ஆடிய ஒரே பொருள் அதுதான்.

கதிர்வேல் திரையை விலக்கினார். கிரில்லில் ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்குச் சதுரமான ஓட்டை. அறுத்து எடுத்த துண்டு, கல்லூரிப் பையன் சுவரில் சாய்ந்து நிற்பது போல, அறைக்குள் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே ஒரு முக்காலி. வெளியே கவிழ்த்து வைத்த பூந்தொட்டி. பக்கத்துப் பனியன் யூனிட்டில் நிட்டிங் மிஷின்கள் ஓடும் இரைச்சல் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது. அந்தச் சத்தத்தில் யானையை அறுத்தாலும் வெளியே தெரியாது.

"நேர்கோடு பாருங்க சார்," என்றாள் இந்துமதி. "எங்க கட்டிங் மாஸ்டர் கத்திரிச்ச மாதிரி இருக்கு. திருடனுக்குப் பதறவே இல்லீங்களா?"

கதிர்வேல் கிரில்லில் நின்ற கம்பி நுனிகளைத் தொட்டார். விரலில் இரும்பு படவில்லை, துணி பட்டது. அறுந்த ஒவ்வொரு நுனியிலும் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி வைத்து, ஜட்டி இடுப்பில் தைக்கிற எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டியிருந்தது. கிரில் ஓரமாக ஓடிய கேபிள் டி.வி. ஒயர் பத்திரமாக ஒதுக்கி, அதே எலாஸ்டிக்கால் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முடிச்சுகள் எல்லாம் அறைக்கு உள்பக்கம்.

"இது என்னங்க கருமம்," என்றாள் இந்துமதி. "கன்னம் வெச்சவன் குழந்தைக்குத் தொட்டில் கட்டின மாதிரி கட்டியிருக்கான். போலீஸ்காரங்க பாக்கலீங்களா?"

"பாத்திருப்பாங்க. வேஸ்ட் இல்லாத எடம் திருப்பூர்ல எங்கே இருக்குது? கண்ணுல பட்டிருக்கும், மனசுல பட்டிருக்காது." கதிர்வேல் முக்காலியில் உட்கார்ந்தார். "இந்துமதி, ஒரு தடவை போறவன் கம்பி நுனிக்குத் துணி கட்டுவானா?"

"எதுக்குங்க கட்டறான்? அவன் வேட்டி கிழிஞ்சா கிழியட்டும்னு ஓடிருவான்."

"யாரு கட்டுவா?"

அவள் ஓட்டையைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். பூந்தொட்டியைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்துபோனது.

"தினமும் போய்ட்டு வர்றவங்க," என்றாள்.

கதிர்வேல் எழுந்தார். ஹாலுக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை. சில கதவுகளைத் திறக்கக் கூடாது என்று இந்தத் தொழிலில் அவ்வப்போது தோன்றும். ஆனால் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் திறக்காத டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள்.

* * *

"ஐயா, நேத்து வந்த திருடனைப் பத்தி உங்ககிட்டச் சொல்லணுங்க," என்றார் கதிர்வேல், எதிர் சோபாவில் உட்கார்ந்து. பிளாஸ்டிக் உறை முனகியது. "நான் பாத்ததுலயே ரொம்ப ஒழுக்கமான திருடன். ஒயரை ஒதுக்கிக் கட்டினான். அறுந்த துண்டு விழாம எலாஸ்டிக்கால பிடிச்சு நிறுத்தினான். கம்பி முனையில யாருக்கும் கீறல் படக்கூடாதுன்னு துணி சுத்தினான். கண்ணாடியும் போட்டிருப்பான்னு நெனைக்கறேன்."

"போட்டிருப்பான்," என்றார் தீனதயாளன், தன்னையறியாமல். "போடாம எப்படி? இரும்புத் தூள் கண்ணுல பட்டா என்ன ஆகறது?"

இந்துமதி தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டுந்தான் புரியலீங்க. மெயின் மாடிப்படிக்கு அடியில இருக்குது. வேலைக்காரம்மா கேட் தாழ்ப்பாளைப் போடறதுக்குள்ள அது ஆஃப் ஆயிருச்சு. கொஞ்சம் முந்திதான் அந்த ரூமைத் துடைச்சதா அவங்க போலீஸ்ல சொல்லியிருக்காங்க, அப்ப கிரில் முழுசா இருந்திருக்குது. அப்போ திருடன் மொதல்ல மெயினை அணைச்சுட்டு, அப்புறந்தான் கம்பியை அறுத்திருக்கான். பூட்டின வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு."

பெரியவர் சட்டையின் மடிப்பை நீவிவிட்டார்.

"பேட்டரி மிஷினுக்கு எதுக்குங்க மெயினை ஆஃப் பண்ணணும்? கேமராவுக்காகன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. பின்ஜன்னல் பக்கம் கேமராவே இல்ல. மெயினை அணைச்சா பத்திரம்னு ஒருத்தர் முப்பது வருஷமா ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. நேத்தும் அதையே செஞ்சாரு. மொதல்ல மாட்டினது மரத்துப் பிளேடா இருக்கும், அறுத்திருக்காது. பிளேடை மாத்தப் போனாரு. மெயின்தான் ஆஃபாச்சே, இனி என்ன பயம்? பேட்டரி உள்ளேயே இருந்துச்சு. கை விசையில பட்டுச்சு."

தீனதயாளன் கட்டுப்போட்ட விரலை மறு கையால் மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் அவருடைய முதுகு முதல்முறையாகச் சோபாவில் சாய்ந்தது.

"அதை யாரும் எனக்குச் சொல்லலீங்க," என்றார்.

"தங்கதுரை சொல்ல வந்தாரு. நீங்க விடலீங்க."

பெரியவர் எதிரே இருந்த விருதுகளை ஒருமுறை பார்த்தார்.

"நான் நெறைய கம்பெனில சண்டை போட்டிருக்கேனுங்க," என்றார் தீனதயாளன். "ஆடிட் அன்னைக்கு மட்டும் எமர்ஜென்சி எக்ஸிட்டைத் திறந்து வெப்பாங்க. மத்த நாள் பூட்டு. ஆள் உள்ளே இருக்கறப்போ வழியைப் பூட்டாதீங்கன்னு தொண்டை வத்தக் கத்துவேன். ரிட்டையர் ஆனேன். என் பையன் என்னை உள்ளே வெச்சுப் பூட்டினான். அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். ஜீரோ ரிஸ்க்ங்கற வார்த்தையை நாந்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

"மிஷினை எப்படிங்க எடுத்தீங்க?" என்றார் கதிர்வேல்.

"அந்தத் தம்பி டீ குடிக்கப் போனப்போ, சும்மா கெடந்த அரிசி டப்பாவுல வெச்சுட்டேன். நேத்து வேலை முடிஞ்சதும் புதர்ல போட்டேன். அந்தம்மா என் பீரோ, தலகாணி எல்லாத்தையும் சோதிப்பாங்க, வெளிய மட்டும் பாக்க மாட்டாங்க."

"வெளிய எங்கே போனீங்க ஐயா?" என்றாள் இந்துமதி. குரலில் கிண்டல் இல்லை.

"முக்குல ஒரு பேக்கரி. டீ டைம். பெஞ்சு நிறைய வடக்கத்திப் பசங்க. நான் போய் நின்னேன். ஒரு பையன் ‘தோடா கிஸ்கோ’ன்னு பக்கத்துல இருக்கறவனைத் தள்ளி உக்காரச் சொல்லி எனக்கு எடம் போட்டான். கொஞ்ச நேரத்துல இன்னொருத்தன் வந்து என்னையும் தள்ளி உக்காரச் சொன்னான்." பெரியவர் அந்த நீண்ட சோபாவைத் தடவினார். "இந்த வீட்டுல என்னை யாருங்க தள்ளி உக்காரச் சொல்லப் போறாங்க?"

கதிர்வேலுக்குத் தன் வீட்டு டி.வி. ஞாபகம் வந்தது. இந்நேரம் யாருமில்லாத அறையில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"சாயங்காலம் அந்தம்மா கத்தினதும் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேனுங்க. அதுக்குள்ள தெருவே வந்துருச்சு. ஊடு நெறைய ஆளுங்க. என்னாச்சுங்க, என்னாச்சுங்கன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நெனைச்சேன். அப்புறம் மிஷின் கிடைச்சது." குரல் இறங்கியது. "இப்பச் சொன்னா நிதிஷ் நாளைக்கே என்னைக் கோயமுத்தூர்ல கொண்டு போய்ச் சேத்திருவான். ஜன்னல் ஏறிக் குதிக்கற கிழவனை விடுவானா? நீங்க ரிப்போர்ட் எழுதாதீங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

கதிர்வேல் எழுந்தார். "நான் எழுதலீங்க. ஆனா தங்கதுரையோட சம்சாரம் நேத்து ராத்திரியில இருந்து ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்காங்க. பக்கத்துல யாரும் இல்லீங்க. சாயங்காலம் அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க." கதவைத் திறக்கச் சொல்லி நிதிஷுக்கு மெசேஜ் போட்டுவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "முன்கதவு கனடாவுல இருக்குதுங்க. உங்க வழி எதுன்னு உங்களுக்குத் தெரியும்."

* * *

காரில் உட்கார்ந்திருந்தார்கள். பின்சந்துக்கு நேராக, செம்பருத்திப் புதர் தெரியும்படி.

"வருவாருங்களா?" என்றாள் இந்துமதி.

"தெரியலை."

"வரலீன்னா?"

"நான் போய்ச் சொல்லிருவேன். அவரு சொல்றதுக்கு ஒரு வாய்ப்பு குடுத்தேன், அவ்வளவுதான்."

நிழல் சுவரில் ஏறியது. நிட்டிங் யூனிட்டில் டீ மணி அடித்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. இந்துமதி அன்று காலையிலிருந்து முதல்முறையாக ஜோக் எதுவும் இல்லாமல் நகம் கடித்தாள். கதிர்வேல் ஒரு தடவை கார் சாவியைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார்.

திரைச்சீலை விலகியது.

முதலில் ஒரு கை வெளியே வந்து, பூந்தொட்டி ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கால். பிறகு இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் பழைய கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. சட்டைப் பையில் பாதுகாப்புக் கண்ணாடி. ஜன்னல் சட்டத்தை மூன்று இடத்தில் மாற்றி மாற்றிப் பிடித்து, தீனதயாளன் மெதுவாகத் தரையில் இறங்கினார். சட்டை ஓர் இடத்திலும் கிழியவில்லை.

"இதுக்குத்தானுங்க துணி சுத்தியிருக்காரு," என்றாள் இந்துமதி.

* * *

அருள்குமார் பேனாவை மூடி வைத்தார். "சொந்த ஊட்டு ஜன்னலைச் சொந்தக்காரரே அறுத்ததுக்கு நான் என்னங்க செக்‌ஷன் போடறது?"

"அது உங்க டிபார்ட்மென்ட். ஆனா ‘கம்பியை அறுத்தேன்’னு மட்டும் எழுதியிருக்கீங்க. ‘கண் பாதுகாப்புடன்’னு சேத்துக்குங்க," என்றார் தீனதயாளன். "அப்புறம் மிஷினை எடுத்து ஒளிச்சு வெச்சதும் நான்தான். அதை மொதல் வரியில போடுங்க."

காகிதங்கள் முடியக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார்கள். பெரியவர் வெளியே வந்தார். பெஞ்சில் ஜெயசுதா நிமிர்ந்து பார்த்தாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது.

"ராத்திரி பூரா இங்கதான் கெடந்தேன்," என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருக்கணும்," என்றார் தீனதயாளன். அதற்கு மேல் லெக்சர் எதுவும் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள். கோபம் தீர்ந்த பார்வை அல்ல அது. ஆனால் டிபன் கேரியரைத் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பெரியவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

கதிர்வேல் வராந்தா ஓரத்தில் நின்று கனடாவுக்குப் போன் போட்டார்.

"ரிப்போர்ட் ரெடிங்க, நிதிஷ். உங்க வீட்டுல பெரிய பாதுகாப்புக் குறை ஒண்ணு இருந்துச்சு. உள்ளே ஆள் இருக்காரு, வெளியேற வழி இல்ல. பூட்டு வேற தேசத்துல. எந்த ஆடிட்லயும் ஃபெயில் ஆகற வீடு."

"இருந்துச்சா? இப்போ?"

"நேத்து மதியம் சரி பண்ணிட்டாங்க. யாருன்னு உங்க அப்பாகிட்டக் கேளுங்க. இன்னைக்கு சண்டே இல்லதான். இருந்தாலும் கேளுங்க."

இணைப்பு போய்விட்டதோ என்று கதிர்வேல் பார்த்தார். போகவில்லை.

"அப்பா பக்கத்துல இருக்காரா?" என்றான் நிதிஷ்.

* * *

மறுநாள் காலை, தங்கதுரை அந்த ஜன்னல் முன்னால் வந்து நின்றான். ஓட்டையை அடைக்க நிதிஷ் ஆர்டர் கொடுக்கவில்லை. அறுத்த துண்டுக்குக் கீல் வைத்துக் கதவாக மாட்டச் சொல்லியிருந்தான். தாழ்ப்பாள் உள்பக்கம். கோயமுத்தூர் பற்றிய பேச்சு தீரவில்லை, தள்ளிப்போயிருந்தது. இந்த மாதம் அப்பாவும் மகனும் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

தங்கதுரை அன்றைக்கும் செருப்போடுதான் வந்திருந்தான். தீனதயாளன் அந்தச் செருப்பைப் பார்த்தார். உதடு துடித்தது. ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து நீட்டினார். தங்கதுரை முறைத்துவிட்டு வாங்கி மாட்டிக்கொண்டான்.

பிளேடு மாற்றும் நேரம் வந்தது. அவன் பிடியின் அடியில் தட்டி, பேட்டரியைக் கழற்றி, பெரியவர் கையில் வைத்தான்.

"இதப் பிடிச்சுக்கிடும். நான் கேக்குற வரைக்கும் தரக்கூடாது."

தீனதயாளன் கட்டுப்போட்ட விரலோடு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், போகவில்லை.

இந்துமதி கதிர்வேலின் காதருகில் சொன்னாள். "நம்ம வேலை முடிஞ்சுதுங்க சார். கெளம்பலாங்களா? உங்க ஊட்டு டி.வி. பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும்."

"இன்னைக்கு அணைச்சுட்டு வந்தேன்," என்றார் கதிர்வேல். "முக்குல ஏதோ பேக்கரின்னாரே, அது எங்கேன்னு கேளு."